மகாவம்சமும் மண்ணுரிமையும்

மதநூலை நிலப் பட்டாவாகப் படிக்கும் அரசியலுக்கு உலகறிந்த சான்று மேற்குக்கரை. 1974-இல் இஸ்ரேலில் உருவான குஷ் எமுனிம் இயக்கம், ஆபிரகாமுக்குக் கடவுள் தந்த வாக்கைச் சொல்லியே அங்கு யூதக் குடியேற்றங்களை வளர்த்தது. ஆனால் யூத மறைநூலான தோரா ஒரே எல்லையைச் சொல்லவில்லை. ஆதியாகமம் 15 நாட்டை யூப்ரடீஸ் ஆறு வரை விரிக்கிறது. எண்ணாகமம் 34 கிழக்கே யோர்தானோடு நிறுத்துகிறது. நிலம் கடவுளுடையது, மக்கள் அதில் தங்கிப் போகிறவர்கள் என்கிறது லேவியராகமம் 25. எந்த அதிகாரத்தை எடுப்பது என்பது படிப்பவர் கையில்தான் இருக்கிறது.

தமிழருக்கு நெருங்கிய சான்று இலங்கையில் உள்ளது. கி.பி. 5-6ஆம் நூற்றாண்டளவில் பாலியில் இயற்றப்பட்ட மகாவம்சம், புத்தர் மூன்று முறை தீவுக்கு வந்தார், இயக்கர்களை விரட்டித் தம் அறம் விளங்கும் இடமாக அதை ஆக்கினார் என்கிறது. அறத்துக்குச் சொன்ன அந்த உரிமையை பௌத்த மறுமலர்ச்சியாளர் அநகாரிக தர்மபாலர் முதலானோர் சிங்கள இனத்துக்கு மாற்றினர். 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளித்தது.

நூலின் எல்லாளன் பகுதியை நின்று படிக்க வேண்டும். இலங்கையை 44 ஆண்டு ஆண்ட அந்தச் சோழநாட்டான் பகைவனுக்கும் நண்பனுக்கும் ஒரே நீதி வழங்கினான். கன்றைக் கொன்ற தேர் மகனுடையது என்றதும் மகன் தலையையே சக்கரத்துக்குக் கொடுத்தான். திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையேதான். எல்லாளனைப் போரில் கொன்ற அரசன் துட்டகைமுனு அவனுக்கு நினைவிடம் எழுப்பி, அவ்வழியே போகையில் மேளம் நிறுத்த வேண்டும் என்று ஆணையிட்டான். அதே நூலில், போரில் பலரைக் கொன்றேனே என்று வருந்தும் அரசனிடம், மாண்டவருள் மனிதர் ஒன்றரைப் பேர்தான், மற்றவர் விலங்குக்கு ஒப்பு என்கின்றனர் துறவியர். இன அரசியல் இந்த ஒன்றரைக் கணக்கை வைத்துக்கொண்டது. நிறுத்தப்பட்ட மேளத்தை மறந்தது. இது கொடிய மறதி.

இலங்கையின் வடக்கில் கிடைக்கும் பௌத்தச் சின்னங்களெல்லாம் சிங்களருடையவை என்ற வாதமும் நிற்காது. மணிமேகலை என்ற பௌத்தக் காப்பியத்தைத் தந்தவர்கள் தமிழர். நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தவன் இராசராசன். யாழ்ப்பாணத்துக் கந்தரோடைத் தூபிகளை வழிபட்டவர்களில் தமிழ்ப் பௌத்தர் இருந்திருக்க முடியாது என்று சொல்ல ஆதாரம் எதுவுமில்லை.

பழங்கதை நிலத்தில் கைவைப்பது அரசு அலுவலகம் வழியாகத்தான். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுகளுக்கென அமைந்த சனாதிபதி செயலணியில், பல இனத்தவர் வாழும் மாகாணமாக இருந்தும், தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. முல்லைத்தீவு குருந்தூர்மலையில் ஊரார் ஆதி ஐயனாரைக் கும்பிட்டு வந்தனர். 2021-இல் அங்கு அகழாய்வு தொடங்கியது. அதையொட்டி விகாரைக் கட்டுமானமும் எழுந்தது. புதிய கட்டுமானம் கூடாது என்ற தன் ஆணை மீறப்பட்டதை 2023-இல் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றமே பதிவு செய்தது. அடுத்த மாதம், உயிருக்கு அச்சுறுத்தல் என்று காரணம் எழுதிவிட்டு, நீதவான் பதவி விலகி நாட்டைவிட்டுப் போனார்.