ஒரு ராத்தல் தானியம்

சிறுசேரி தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் சாலைகளில் மாலை வேளைகளில் இளைஞர் பலர் விரைந்து நடப்பதைக் காணலாம். எத்தனை அடி நடந்தோம், எத்தனை கலோரி எரிந்தது என்பதைக் கைக்கடிகாரமே சொல்லிவிடுகிறது. அவர்களுள் ஒருவர் தவக்காலத்தில் என்னிடம் வந்தார். "சாமி, உடம்பைக் குறைக்க நாளொன்றுக்கு 1,500 கலோரிதான் உண்கிறேன். இதையே ஒருசந்தியாக ஒப்புக்கொடுக்கலாமா?" என்றார்.

உடனே விடை சொல்ல இயலவில்லை. அந்த எண் எனக்கு வேறொன்றை நினைவூட்டியது.

சிறுசேரிக்குக் கிழக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயை நாம் அறிவோம். அதே கால்வாயில், சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கி.மீ. பகுதி, தாது வருடப் பஞ்சத்தின்போது 1877-78இல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அக்காலத்தில் நிவாரணக் கூலியைக் குறைக்க வந்தவர் சர் ரிச்சர்டு டெம்பிள். வைசிராய் லிட்டனின் ஆதரவு அவருக்கு இருந்தது. உழைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று 1877 ஜனவரியில் அவர் வகுத்தார். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. ஒரு ராத்தல் அரிசி, இன்றைய கணக்கில் ஏறத்தாழ 1,600 கலோரி. எடை குறைக்க இன்று நாமே விரும்பி ஏற்கும் அளவும், மண் சுமந்தவனுக்கு அரசு அளந்துகொடுத்த தானியமும் ஏறக்குறைய ஒன்றே! (அந்த ஓரணாவுக்குப் பஞ்ச விலையில் என்ன கிடைத்திருக்கும்?)

சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். ஒன்றரை ராத்தல் தானியமும், அதனோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். கலோரி என்னும் சொல் அன்று அந்த வாதத்தில் இல்லை; மெலிந்த உடல்களே அவருடைய சான்று. 1877லேயே மாகாண அரசு பாதி இறங்கிவந்து ஒன்றேகால் ராத்தல் தானியமும் ஒன்றரை அவுன்சு பருப்பும் என உயர்த்தியது. அதற்குள் எத்தனையோ பேர் மாண்டிருந்தனர்.

உடல் மெலியக் கலோரி எண்ணும் வழக்கத்தை 1918இல் தம் நூலால் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் லுலு ஹன்ட் பீட்டர்ஸ். நம் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் 1930களில் டாக்டர் அய்க்ராய்டு குழுவினர் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையைத் தொகுத்ததோ, ஏழையின் உணவில் எது குறைகிறது என்றறியவே.

அந்த இளைஞரை நான் குறைசொல்லவில்லை. நாளெல்லாம் அமர்ந்து வேலை செய்பவருக்கு நடையும் அளவான உணவும் நல்லனவே. தராசும் அவர் கையிலேயே இருக்கிறது. கால்வாய் வெட்டியவனுக்கு அது இல்லை. இக்கதையைச் சொல்லி, "உண்ணாது விட்டதன் விலை பசித்தவனுக்குப் போகுமானால் ஒருசந்தியாக ஒப்புக்கொடுங்கள்" என்றேன்.

"அதற்கும் கணக்கு வைக்கவேண்டுமா, சாமி?" என்று சிரித்தார்.