கம்பிக் கோலமும் காம்பவுண்டு கிரில்லும்

இரும்பு வேலையைக் கம்ப்யூட்டர் வந்து கெடுத்துவிட்டது என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். "அந்தக் காலத்துக் கேட்டைப் பாருங்க சார், இப்ப எல்லாம் தகட்டுல ஓட்டை" என்பது வழக்கமான பல்லவி. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். டிசைன் கொல்லர் கையைவிட்டுப் போய் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதைக் கொண்டுபோனது கம்ப்யூட்டர் அல்ல, கேட்டலாக்.

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். எங்கள் பாடப் புத்தகத்தில் நான்சி நகரத்துச் சதுக்கத்தின் படம் ஒன்று இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் சதுக்கம் என்று பெயர். அதன் இரும்பு வாயில்களை 1750களில் செய்தவர் ழான் லமூர் என்ற கொல்லர். தங்க முலாம் பூசிய இலைகள், சுருள்கள் எல்லாமே உலையில் காய்ச்சி சம்மட்டியால் அடித்தவை. தன் வேலைகளின் வரைபடங்களை அவர் பிறகு புத்தகமாகவும் போட்டார். அவருக்கு முன்பே இங்கிலாந்தில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு வேலை செய்த ழான் திஜூ என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 1693இல் அப்படி ஒரு படப் புத்தகம் வெளியிட்டிருக்கிறார். படத்தைப் பார்த்து யார் வேண்டுமானாலும் செய்யலாம், ஆனால் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதுவரை கொல்லருக்கு மரியாதை இருந்தது.

வார்ப்பிரும்பு வந்ததும் நிலைமை மாறியது. 1709இல் ஆபிரகாம் டார்பி என்பவர் மரக்கரிக்குப் பதில் கோக் கரியை வைத்து இரும்பு உருக்கிக் காட்டினார். லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைச் சுற்றி 1714இல் வைத்த கம்பி வேலி வார்ப்பிரும்புதான். ஒரு மர அச்சு செய்துகொண்டால் போதும், மணலில் பதித்து ஆயிரம் வார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிளாஸ்கோ நகரத்து மக்ஃபர்லேன் கம்பெனி, சாரசென் ஃபவுண்டரி என்ற தன் வார்ப்படச் சாலையிலிருந்து தடித்தடியாகக் கேட்டலாக் போட்டு உலகம் முழுக்க விற்றது. வேலிக்கு ஒரு நம்பர், தூணுக்கு ஒரு நம்பர், மாடிப்படிக்கு ஒரு நம்பர். நம்பரை எழுதிப் பணம் அனுப்பினால் கப்பலில் சரக்கு வந்து இறங்கும். பிரான்ஸில் வால் தோஸ்ன் வார்ப்படச் சாலையும் இதே வியாபாரம்தான் செய்தது. செட்டிநாட்டு வீடுகளின் இரும்புத் தூண்களைப் பார்த்து "என்ன வேலைப்பாடு" என்று வியக்கிறோமே, அதே தூண் இன்னும் எத்தனை ஊர்களில் நிற்கிறதோ!

இங்கே ஒரு கிளைக்கதை. நம் பரங்கிப்பேட்டையிலேயே ஹீத் என்ற வெள்ளைக்காரர், சென்னை அரசு உத்தியோகத்தை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பெரிய உருக்காலை வைத்தார். சேலத்துத் தாது, காட்டு மரக்கரி. மரக்கரியை நம்பியது கட்டுபடியாகவில்லை. ஆலை நொடித்துப் போயிற்று. அது நிலைத்திருந்தால் நம் வீட்டு வேலிகளின் கதையே வேறாக இருந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஆசை.

பழைய வேலியைப் பார்த்தால் எந்த ரகம் என்று கண்டுபிடிப்பது சுலபம். இலைகள் கனமாக, ஒன்றுபோல் இன்னொன்று அச்சாக இருந்து, ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு தெரிந்தால் வார்ப்பு. கம்பியும் கம்பியும் சேரும் இடத்தில் சிறு பட்டையால் கட்டியிருந்தால், இரண்டு சுருள்கள் துளி வித்தியாசமாக இருந்தால், அடித்த வேலை. அது தேனிரும்பு. உள்ளே நார் நாராகக் கசடு ஓடுவதால் சட்டென்று முறியாது. பிறகு மலிவான எஃகுக் கம்பி வந்தது, வெல்டிங் வந்தது. பட்டைக் கட்டும் போயிற்று, உலையும் போயிற்று.

இப்போது கம்ப்யூட்டருக்கு வருகிறேன். பள்ளியில் வளைகோடு வரைய ஒரு மரத்தகடு கொடுப்பார்கள். இங்கிலீஷ்காரர்கள் அதைப் 'பிரெஞ்சு கர்வ்' என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் 'பிஸ்தொலே' என்பார்கள். அதற்குத் துப்பாக்கி என்றும் பொருள் உண்டு. அந்தத் தகட்டின் வேலையைக் கணக்காக மாற்றியவர்களும் பிரெஞ்சுக்காரர்களே. ரெனோ கார் கம்பெனியின் எஞ்சினியர் பியேர் பெஸியே 1960களில் இதைச் செய்தார். சித்ரோயன் கம்பெனியில் போல் த கஸ்தெல்ஜோ 1959லேயே கண்டுபிடித்திருந்தார், கம்பெனி அதை வெளியே விடவில்லை. நாலு புள்ளி வைத்தால் அவற்றுக்குள் ஒரே ஒரு வளைவுதான் வரும், எத்தனை முறை போட்டாலும் அதே வளைவு. ஆட்டோகேட் 1982இல் வந்தது. இன்று கிரில் வரையும் மென்பொருள்களில் சுருளை இழுத்து வளைப்பதற்கு இந்தப் பெஸியே வளைவுதான் உதவுகிறது. நீங்கள் திரையில் படிக்கும் இந்தத் தமிழ் எழுத்துகளின் வளைவும் அதே குடும்பம்தான்.

ஆனால் புள்ளி வைத்து வளைவு போடுவது நமக்குப் புதிதா? இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் நம் தாம்பரத்தில்தான் இருந்தார்கள். 1937 முதல் தாம்பரத்தில் இருக்கும் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவர் மனைவி ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் உண்டு. சிறு துண்டுகளை எழுத்தாக வைத்துக்கொண்டு விதிப்படி அடுக்கினால் கோலம் வளரும். ஆட்டோகேட் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பு! கிஃப்ட் சிரோமணி 1988இல் காலமானார். தாம்பரத்துக்காரர்களிலேயே பலருக்கு அவர் பெயர் தெரியாதது எனக்கு வருத்தம்தான். புள்ளியைச் சுற்றி நெளிந்து வரும் கோலத்தை அவர்கள் 'கம்பிக் கோலம்' என்றே குறித்தார்கள். கம்பி என்ற பெயரே இருக்கும்போது அதை இரும்பில் செய்யாமல், ஈட்டி முனையும் ஐரோப்பிய இலையும் எதற்கு?

அதைத்தான் எங்கள் சுவருக்கு வைப்பது என்று போன வருஷம் முடிவாயிற்று. தூணுக்குத் தூண் நாலு அடி, கிரில் உயரம் இரண்டு அடி. புள்ளிக்குப் புள்ளி நாலு அங்குலம், அதற்கு மேல் போனால் குழந்தை தலையை விட்டுக்கொள்ளும். ஆக ஆறு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு நேர்ப்புள்ளி. பட்டறையில் கம்ப்யூட்டரில் இருந்த பையன் வரைந்து பார்த்துவிட்டு, "சார், கோடு தகடா நிக்கும், நடுவுல இருக்கிற புள்ளி தனியா கீழ விழுந்துடுமே, ஒவ்வொண்ணுக்கும் பாலம் வைக்கணும்" என்றார். நியாயமான பேச்சு. தகட்டில் வெட்டும்போது எதுவும் எதனுடனாவது ஒட்டியிருந்தால்தான் நிற்கும்.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். "புள்ளியை விட்டுடுங்க தம்பி. கோலம் போட்டு முடிச்ச பிறகு புள்ளியை யாரு பார்க்கிறா? ஆனா இது ஒரே கம்பி இல்லையே. ஆறுக்குப் பன்னிரண்டு போட்டா சுத்தி வராது, தனித்தனியா நிக்கும். பதினொண்ணு வைங்க."

பையன் எண்ணிப் பார்த்தார். திரையில் ஆறு தனித்தனிக் கம்பிகள் இருந்தன. இதற்குக் கணக்கு இருக்கிறது. இப்படி எல்லா இடத்திலும் பின்னிப் போகும் நேர்ப்புள்ளிக் கோலத்தில், வரிசை எண்ணிக்கைக்கும் வரிசையில் உள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை கம்பி வரும். ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் ஆறு. ஆறுக்கும் பதினொன்றுக்கும் ஒன்று. என் மனைவிக்கு மீப்பெரு பொது வகுத்தி என்ற பெயர் ஞாபகம் இல்லை. மாமியார் வாசலில் ஐம்பது வருஷம் கோலம் போட்ட கைக்கு அது வேண்டியும் இல்லை.

"அப்ப அம்மா சொன்ன மாதிரி பதினொண்ணு போட்டுடறேன் சார்" என்று அவர் மாற்றினார். நாற்பத்து நாலு அங்குலம் ஆயிற்று. மீதி நாலு அங்குலத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாக நேர்க்கம்பி வைத்து, தூணோடு வெல்டு செய்திருக்கிறார்கள். ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு, மேலே கறுப்பு பெயின்ட். அடுத்த மழைக்கு முன்னால் அடிப்பக்கம் தண்ணீர் தங்குகிறதா என்று ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும்.