அம்வாஸ் கொள்ளை நோயும் ஸஹாபாக்களின் தெளிவும்



2020ஆம் ஆண்டில் கொரோனா பரவி, பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, ஜுமுஆ நாளிலும் வீட்டில் ளுஹர் தொழ நேர்ந்தபோது, நம்மில் பலருடைய உள்ளத்தை ஒரு கேள்வி உறுத்தியது. நோய்க்கு அஞ்சி ஒதுங்குவது ஈமானின் பலவீனம் ஆகாதா? அன்று பேணுதலைக் கைவிட்டவர்கள் அனைவரும் நோயை அறியாதவர்கள் அல்லர். பேணுதல் தவக்குலுக்கு முரணானது என்று எண்ணியவர்களும் அவர்களில் இருந்தார்கள். இந்த ஐயம் புதிதன்று. ‘இந்த உம்மத்தின் நம்பிக்கையாளர்’ என்று நபி (ஸல்) அவர்களால் சிறப்பிக்கப்பட்ட அபூ உபைதா (ரலி) அவர்களிடமிருந்தே அது வெளிப்பட்டது.

ஹிஜ்ரி 18 (கி.பி. 639) வாக்கில் பாலஸ்தீனத்தின் அம்வாஸ் என்னும் ஊரில் தோன்றிய தாஊன் எனும் கொள்ளை நோய் ஷாம் தேசமெங்கும் பரவியது. ஷாமை நோக்கிப் புறப்பட்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்களுக்கு ஸர்ஃக் என்ற எல்லைப் பகுதியில் செய்தி எட்டியது. அவர்கள் உடனே ஆணை பிறப்பித்துவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்துக் கேட்டார்கள், கருத்து வேறுபாடு. அன்ஸார்களைக் கேட்டார்கள், அங்கும் அப்படியே. பிறகு மக்கா வெற்றியை ஒட்டி ஹிஜ்ரத் செய்த குறைஷி முதியவர்களைக் கேட்டார்கள். திரும்பிவிடுவதே நலம் என்று அவர்கள் ஒருமித்துக் கூறினர்.

அப்போதுதான் அபூ உபைதா (ரலி), அல்லாஹ்வின் விதியிலிருந்து வெருண்டோடுவதா என வினவினார்கள். இதை வேறொருவர் சொல்லியிருக்கலாகாதா என வருந்திய உமர் (ரலி), அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்றார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு புறம் செழிப்பாகவும் மறுபுறம் வறண்டும் இருந்தால், எப்புறத்தில் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது இறைவிதிப்படிதானே என்று விளக்கினார்கள். எவ்வளவு நுட்பமான பதில்! எதிரில் நிற்பவரின் ஈமானைச் சிறிதும் குறைத்துப் பேசாமல், அந்த ஈமானுக்குள்ளேயே பேணுதலுக்கும் இடம் காட்டினார்கள். பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) வந்து, நோயுள்ள ஊருக்குள் நுழையவும் அங்கிருந்து வெருண்டு வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அறிவித்தபோது, உமர் (ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்து திரும்பினார்கள்.

அந்நோயில் அபூ உபைதாவும், அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆத் இப்னு ஜபலும் (ரலி) ஷஹீதானார்கள். அடுத்து வந்த அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி), இந்நோய் நெருப்பைப் போல் பற்றுவதால் மலைகளில் பிரிந்து தங்குங்கள் என்று உரையாற்றினார்கள். இது ஷாமை விட்டு ஓடுவதன்று, அதற்குள்ளேயே விலகியிருப்பதாகும். உடனே ஒருவர் எழுந்து, நான் நபியவர்களின் தோழனாக இருந்த காலத்தில் நீர் வழிகேட்டில் கிடந்தவரல்லவா என்று கடுமையாகச் சாடினார். சொன்ன செய்தியை விட்டுவிட்டுச் சொன்னவரைப் பிடித்துக்கொள்ளும் இவ்வழக்கம் நமது மஹல்லாக்களிலும் உண்டு! அம்ர் (ரலி) பதிலுக்குப் பதில் பேசவில்லை. இங்கே தங்கப் போவதில்லை என்று மட்டும் கூறி, தாமே முதலில் புறப்பட்டார்கள். மக்களும் பின்தொடர்ந்து பிரிந்து சென்றனர். அல்லாஹ் நோயை அகற்றினான். செய்தியறிந்த உமர் (ரலி) அதை வெறுக்கவில்லை.

அச்சம் மனிதனைத் தனித்திருக்க விடுவதில்லை. கூட்டத்தை நாடவே தூண்டும். ஹிஜ்ரி 833 (கி.பி. 1430) கெய்ரோவில் அதுவே நடந்தது. மக்கள் மூன்று நாள் நோன்பிருந்து, மழைத் தொழுகைக்குச் செல்வது போல் பாலைவெளியில் திரண்டு துஆச் செய்தனர். அதற்கு முன் நாளொன்றுக்கு நாற்பதுக்கும் குறைவாயிருந்த மரணம், அந்த மாதம் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டியதாக இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (ரஹ்) பதிவு செய்கிறார்கள். தனித்தனியே துஆக் கேட்பதை அவர்கள் மறுக்கவில்லை. இவ்வாறு திரள்வதைத்தான் ஏற்கவில்லை. ஹிஜ்ரி 819இல் ஃபாத்திமா, ஆலியா என்னும் இரு பெண்மக்களைத் தாஊனுக்குப் பறிகொடுத்த அந்த இமாம், இந்த 833இலும் கருவுற்றிருந்த மூத்த மகள் ஸைன் காத்தூனை அதே நோயில் இழந்தார்கள்.