கோப்பை நகர்த்தும் காசு

அரசு அலுவலகக் கோப்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு மனப்பாடம். இடப்பக்கம் குறிப்புத் தாள்கள். வலப்பக்கம் வந்த கடிதங்களும், போன கடிதங்களின் நகல்களும். ஓரத்தில் துளையிட்டுக் கோத்த நூல், மேலே கட்டிய நாடா. உதவியாளர் குறிப்பு எழுதுவார், கண்காணிப்பாளர் அதன் கீழே சுருக்கொப்பம் இடுவார், மேலதிகாரி ஒரு வரி சேர்ப்பார், பிறகு கோப்பு வந்த வழியே இறங்கும். ஒவ்வொரு சுருக்கொப்பமும் ஒரு நிறுத்தம். எந்த நிறுத்தத்தில் எத்தனை நாள் நிற்கலாம் என்பதற்குக் கால அட்டவணை கிடையாது. வராந்தாவில் காத்திருக்கும் மனுதாரருக்கு அது தெரியும். மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

“கொஞ்சம் கவனிச்சீங்கன்னா சீக்கிரம் நகரும்” என்ற பேச்சு பிறப்பது அங்கேதான். இந்த வகை லஞ்சத்தில் ஒரு விசித்திரம் உண்டு. கொடுப்பவர் தகாத எதையும் கேட்பதில்லை. சட்டப்படி தனக்கு வரவேண்டியது இந்த வருஷமே வரட்டும் என்கிறார், அவ்வளவுதான். இதற்கு ‘ஸ்பீடு மணி’ என்ற பெயரை அரசு அறிக்கை ஒன்றிலேயே பதிவு செய்த பெருமை சந்தானம் குழுவைச் சேரும்.

தஞ்சை மாவட்டத்தில் 1895-இல் பிறந்த கே. சந்தானம் பல நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்தவர். ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ ஆசிரியர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், ரயில்வே துறை இணை அமைச்சர், இரண்டாவது நிதிக் குழுவின் தலைவர். 1962-இல், லால் பகதூர் சாஸ்திரி உள்துறை அமைச்சராக இருந்தபோது, ஊழல் தடுப்புக் குழுவுக்கு இவர் தலைவரானார். அறிக்கை 1964 மார்ச்சில் தயாரானது. அதற்கு முன்பே, குழுவின் இடைக்காலப் பரிந்துரையை ஏற்று, அந்த ஆண்டு பிப்ரவரியில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் உருவாகிவிட்டது. அந்த ஆணையம் இன்றும் இருக்கிறது. அறிக்கையைத்தான் யாரும் படிப்பதில்லை.

படிக்காதவர்களுக்குத்தான் நஷ்டம். பொதுப்பணித் துறைக் கட்டுமானங்களில் ஒப்பந்தக்காரர்கள் வழக்கமாக 7 முதல் 11 சதவீதம் கொடுக்கிறார்கள், அது அதிகாரிகளிடையே பேசிவைத்த விகிதத்தில் பங்காகிறது என்று சாட்சிகள் சொன்னதை அறிக்கை பூசிமெழுகாமல் எழுதுகிறது. ரயில்வேயில் சரக்கு வேகன் ஒதுக்குவதிலும், அழுகும் பொருட்களைப் பார்சலில் ஏற்றுவதிலும் இதே பழக்கம் உண்டு என்கிறது. அந்தத் துறைக்கே அமைச்சராக இருந்தவரின் தலைமையில் எழுதிய வரி அது. தக்காளிக் கூடையோடு பிளாட்பாரத்தில் நிற்பவருக்கு ஒரு நாள் தாமதம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஸ்பீடு மணி பற்றிய பகுதியில் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. லைசென்ஸ், பெர்மிட் தரும் இடங்களில் ஊழியர்களில் ஒரு பகுதியினர், கவனிக்கப்படும் வரை எதையும் செய்யாமல் இருப்பதையே பழக்கமாக்கிக்கொண்டார்கள் என்றது. அதாவது, தாமதம் இருப்பதால் லஞ்சம் என்ற நிலை மாறி, லஞ்சத்துக்காகவே தாமதம் விளைவிக்கப்படுகிறது.

அதே 1964-இல் அமெரிக்காவில் நத்தானியல் லெஃப் என்ற பொருளியலாளர் இதற்கு நேர் எதிரான ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். மக்குத்தனமான விதிகள் பொருளாதாரத்தின் கழுத்தை நெரிக்கும்போது லஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்கிறது என்பது அவர் வாதம். சிலியிலும் பிரேசிலிலும் உணவுப் பொருள்களுக்கு அரசு விலைக் கட்டுப்பாடு விதித்தது. சிலியில் அதிகாரிகள் அதை ஒழுங்காக அமல்படுத்தினார்கள். பிரேசிலில் காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்கள். பிரேசிலில்தான் உற்பத்தி பெருகியது என்று அவர் காட்டினார். நான்கு ஆண்டுகள் கழித்து அரசியல் அறிஞர் சாமுவேல் ஹண்டிங்டன், இறுகிப்போன நேர்மையான அதிகார வர்க்கத்தைவிட இறுகிப்போன ஊழல் அதிகார வர்க்கமே தேவலை என்ற பொருளில் எழுதினார். இயந்திரத்துக்கு எண்ணெய் என்ற கதை இப்படித்தான் பல்கலைக்கழகங்களுக்குள் நுழைந்தது. நம் ஊர் டீக்கடையில் அதை அதற்கு முன்பே பேசியிருப்பார்கள்.

அந்தக் கதைக்கு முதல் அடி கொடுத்தது சுவீடன்காரர் குன்னார் மிர்தால். 1968-இல் மூன்று தொகுதிகளாக வந்த ‘ஆசியன் டிராமா’வில் ஊழலுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். ஊழலை ஆராய்வதே நாகரிகமில்லாத காரியம் என்று ஆய்வாளர்கள் ஒதுங்கிப்போவதை அதில் சாடினார். அவர் கையில் இருந்த வலுவான ஆதாரங்களில் ஒன்று சந்தானம் குழுவின் அறிக்கை. எண்ணெய் போடுகிறவனே சக்கரத்தில் மணலையும் தூவுகிறான் என்றால் அது என்ன எண்ணெய்?

இந்த இடத்தில்தான் சூசன் ரோஸ் ஆக்கர்மன் வருகிறார். யேல் பல்கலைக்கழகத்தில் 1970-இல் பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றவர். பின்னாளில் அங்கேயே சட்டத்துக்கும் அரசியல் அறிவியலுக்கும் சேர்த்துப் பேராசிரியர் ஆனார். 1978-இல் வெளிவந்த அவருடைய ஊழல் பற்றிய முதல் நூல், வாட்டர்கேட்டின் சூடு ஆறாத காலத்து வெளியீடு. விமானம் விற்க லாக்ஹீட் நிறுவனம் வெளிநாடுகளில் லஞ்சம் கொடுத்தது அம்பலமாகி, ஜப்பானின் முன்னாள் பிரதமர் தனகா 1976-இல் கைதானார். வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் தருவதைக் குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்கா 1977 டிசம்பரில் கொண்டுவந்தது. ஊழல் ஏழை நாடுகளின் வியாதி என்று ஒதுக்கிவைக்க அதன்பின் யாருக்கும் வாய் வரவில்லை.

லஞ்சம் வாங்குபவர் கெட்டவரா என்ற கேள்வியை ரோஸ் ஆக்கர்மன் ஓரமாக வைத்துவிட்டார். கவுன்டர் எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்தார். ஒரே ஒரு கவுன்டர், ஒரே ஒரு கையெழுத்து என்றால் அங்கே உட்கார்ந்திருப்பவர் ஏகபோக வியாபாரி. நான்கு அறைகளில் வரிசையாக ஒப்புதல் வேண்டும் என்றால் நான்கு ஏகபோகம். அதே உரிமத்தைத் தர நான்கு பேருக்குத் தனித்தனியே அதிகாரம் இருந்தால்? முதலாமவர் கை நீட்டினால் மனுதாரர் அடுத்த ஜன்னலுக்குப் போய்விடுவார். அவர்களில் ஓரிருவர் நேர்மையாக இருந்தாலே மற்றவர்களின் ரேட் விழுந்துவிடும்.

கேட்க அழகாக இருக்கும் இந்த யோசனையின் ஓட்டையையும் அவரே காட்டினார். மனுதாரருக்குத் தகுதி இருந்தால்தான் இது சரிவரும். தகுதியே இல்லாதவர் நான்கு ஜன்னலையும் சுற்றிவந்து, வாங்கக்கூடிய ஒருவரைக் கண்டுபிடித்துவிடுவார்.

இதற்கு டெல்லியில் கிடைத்த சாட்சியம் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்தது. மரியன் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஓட்டுநர் உரிமம் எடுக்க வந்த 822 பேரைப் பின்தொடர்ந்தார்கள். சீக்கிரம் உரிமம் வாங்கினால் பரிசு என்று ஒரு பிரிவினருக்கு அறிவித்தார்கள், இன்னொரு பிரிவினருக்கு இலவசமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். 2007-இல் வெளியான முடிவு இது: உரிமம் பெற்றவர்களில் ஏறத்தாழ 71 சதவீதம் பேர் தேர்வுக்கே போகவில்லை. ஆய்வாளர்கள் தனியாக வைத்த சோதனையில் 62 சதவீதம் பேருக்கு ஓட்டத் தெரியவில்லை. சராசரிச் செலவு சுமார் 1,120 ரூபாய், அரசுக் கட்டணத்தைப் போல இரண்டரை மடங்கு. நன்றாக ஓட்டத் தெரிந்தும் புரோக்கரிடம் போகாமல் நேராகத் தேர்வுக்குப் போனவர்களைக் காரணமே இல்லாமல் ஃபெயிலாக்கினார்கள். சந்தானம் குழு சொன்ன மணல் இதுதான். ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போட்டுக் காட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய எவருக்கும் இந்த ஆய்வு புதுச் செய்தியாக இருக்காது.

எண்ணெய்க் கட்சியும் சும்மா இருக்கவில்லை. வரிசையில் முந்த ஆளாளுக்கு ஏலம் கேட்கும்போது அதிகாரி சுறுசுறுப்பாவார் என்று ஃபிரான்சிஸ் லூயி 1985-இல் கணித மாதிரி ஒன்றை முன்வைத்தார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதிகாரி தானாக வேகத்தைக் குறைத்து ரேட்டை ஏற்ற மாட்டார் என்று நம்பினால்தான் அது நடைமுறைக்கு ஒத்துவரும். அந்த நம்பிக்கை நமக்கு எப்போதோ போய்விட்டது.

கவுன்டரை மட்டும் பார்த்தால் போதாது என்று காட்டியவர் ராபர்ட் வேட். தென்னிந்திய மாநிலம் ஒன்றின் கால்வாய்ப் பாசனத்தை ஆராய்ந்து அவர் 1982-இல் எழுதிய கட்டுரையின் நாயகன் டிரான்ஸ்ஃபர். நல்ல வரும்படி உள்ள கால்வாய்ப் பிரிவுக்குப் பொறியாளர் பணம் கட்டிப் போகிறார். கட்டியதை மீட்க விவசாயிகளிடம் தண்ணீருக்காகவும், ஒப்பந்தக்காரர்களிடம் வேலைக்காகவும் வசூலிக்கிறார். அதில் ஒரு பங்கு மேலே போகிறது, அரசியல்வாதிகள் வரைக்கும். வாங்க மறுப்பவரை வேறு ஊருக்கு மாற்றுவது எளிது. கண்காணிப்பு ஆணையமோ பெரும்பாலும் ஒவ்வொரு ஊழியராகத்தான் பிடித்துக்கொண்டிருந்தது.

உலக வங்கி நீண்ட காலம் ஊழல் என்ற சொல்லையே உச்சரிக்கவில்லை. அரசியலில் தலையிடக் கூடாது என்ற அதன் சாசன விதி வசதியான போர்வையாக இருந்தது. ரோஸ் ஆக்கர்மன் 1995-96-இல் அங்கே வருகை ஆய்வாளராக இருந்தார். 1996 அக்டோபரில் வங்கித் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன் ஊழலைப் புற்றுநோய் என்று மேடையில் அறிவித்தார். 1999-இல் வந்த ‘கரப்ஷன் அண்ட் கவர்ன்மென்ட்’ நூல்தான் ரோஸ் ஆக்கர்மனின் பெயரைப் பொருளியல் வட்டத்துக்கு வெளியே கொண்டுபோனது.

அவருடைய ஆய்வு வாழ்க்கையின் இன்னொரு பாதை நிர்வாகச் சட்டம். பெயரைக் கேட்டாலே கொட்டாவி வரும் துறைதான். ஒரு துறை புதிய விதி எழுதும்போது முன்கூட்டி அறிவிக்க வேண்டுமா, மக்களின் கருத்தைக் கேட்க வேண்டுமா, காரணம் சொல்ல வேண்டுமா என்பவை அதன் கேள்விகள். அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம் பொதுவாக மூன்றையும் எதிர்பார்க்கிறது. ஜெர்மனியையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டு 1995-இல் அவர் எழுதிய நூல் சுற்றுச்சூழல் விதிகளைப் பற்றியது. தனிமனிதரின் உரிமையைக் காக்க ஜெர்மன் நீதிமன்றங்கள் முன்னால் வந்து நிற்கும், கொள்கை உருவாகும் அறையின் கதவைத் திறக்க அந்த அளவு ஆர்வம் காட்டாது என்பது அவர் கண்ட குறை. கம்யூனிச ஆட்சி போன பிறகு ஹங்கேரியிலும் போலந்திலும் தேர்தல் வந்துவிட்டது, அந்தக் கதவு திறந்ததா என்று 2005-இல் வந்த நூலில் கேட்டார்.

அதே 2005-இல் இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாடு 1997-லேயே தனக்கென ஒன்றை இயற்றியிருந்தது, விதிவிலக்குகளின் பட்டியல் நீளமாக இருந்ததால் அதற்குப் பல் இல்லை. கோப்புக்குக் கால அட்டவணை போட முயன்றது மத்தியப் பிரதேசம். அங்கே 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறித்த நாளுக்குள் சான்றிதழ் தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் அபராதம், உச்சவரம்பு 5,000. இது லஞ்சம் வாங்கியதற்கான தண்டனை இல்லை, தாமதத்துக்குப் போட்ட விலை. அடுத்த ஆண்டு பிகாரும் இதேபோல ஒரு சட்டம் கொண்டுவந்தது.

மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த கௌசிக் பாசு 2011-இல் ஒரு யோசனை சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டார். தனக்கு உரியதைப் பெறுவதற்காகக் கொடுக்கப்படும் லஞ்சத்தில் கொடுப்பவரைக் குற்றவாளியாக்காதீர்கள், அப்போதுதான் அவர் வாங்கியவரைக் காட்டிக்கொடுப்பார் என்றார். 2018-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வேறு வழியில் போனது. கொடுப்பவரும் குற்றவாளியே, கட்டாயத்தின்பேரில் கொடுத்திருந்தால் ஏழு நாளுக்குள் புகார் செய்து தப்பிக்கலாம். கோப்பு இன்னும் அதே மேசையில் கிடக்கும்போது அந்த ஏழு நாளுக்குள் எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும் என்பதைத் திருத்தம் எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

ரோஸ் ஆக்கர்மன் 2021-இல் வெளியிட்ட நூல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி நான்கையும் ஒப்பிடுகிறது. அதிகாரிகள் விதி எழுதும் அறையில் குடிமக்களுக்கு நாற்காலி உண்டா என்பதுதான் பேச்சு. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் லஞ்சக் கவுன்டரில் தொடங்கியவரின் இந்தப் புத்தகத் தலைப்பில் ஊழல் என்ற சொல்லே இல்லை.