வெயில்நேரப் பதிவி

ஒரு நாளில் நேர்வெயில் மொத்தம் எத்தனை மணி நேரம் அடித்தது என்பதைக் காட்டும் கருவி. வெயிலின் கடுமையை இது அளப்பதில்லை. சூரியனிலிருந்து நேராக வரும் கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு 120 வாட்டைத் தாண்டினால் அது வெயில் நேரம் என்பது உலக வானிலை அமைப்பின் வரையறை.

இக்கருவியை முதலில் உருவாக்கியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் பிரான்சிஸ் கேம்பெல். கேலிக் நாட்டார் கதைகளைத் தொகுத்தவர் என்றே பலரும் இவரை அறிவர். 1853இல் நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை மரக் கிண்ணத்துக்குள் வைத்தார். உருண்டை குவித்த வெயில் கிண்ணத்தின் உட்புறத்தைக் கருக்கியது. சூரியன் நாளுக்கு நாள் உயரம் மாறுவதால் கரிக்கோடும் நாளுக்கு நாள் சற்றே இடம் மாறியது. ஆயினும் அடுத்தடுத்த கோடுகள் ஒன்றையொன்று தின்றுவிட்டதால் தனியொரு நாளைப் பிரித்துப் படிக்க முடியவில்லை. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1879இல் கிண்ணத்துக்குப் பதில் உலோகச் சட்டம் பொருத்தி, அதில் அன்றாடம் மாற்றும் அட்டையைச் செருகினார். கோடைக்கு நீண்ட வளைவு, குளிர்காலத்துக்குக் குறுகிய வளைவு, இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கு நேர்ப்பட்டை என அட்டை மூவகை. கேம்பெல்–ஸ்டோக்ஸ் பதிவி என்னும் பெயர் இருவருக்கும் சமபங்கு தருகிறது. பயன்பாட்டுக்கு உரிய கருவி ஸ்டோக்ஸுடையதே.

மாலையில் எடுத்த அட்டையில் மணிக்கோடுகளின் குறுக்கே கரிந்த தடம் ஓடும். மேகம் மறைத்த நேரம் கரியாமல் நிற்கும். கோட்டின் நீளத்தைக் கூட்டி, ஒரு மணியில் பத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடுவர். சிதறிய மேகங்களுள்ள நாளில் சிறு வெயிலும் பெரிய புள்ளியாகக் கரிந்து கணக்கை ஏற்றிவிடும். காலைப் பனி உருண்டையில் படிந்திருந்தால் கணக்கு குறையும். மழையில் நனைந்த அட்டை எளிதில் கரியாது. இவ்வளவு இருந்தும், பல ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்துப் படிக்கத்தக்க சான்றாக அட்டை நிற்கிறது.



வீட்டு வானிலை நிலையங்களில் கண்ணாடி உருண்டை அரிது. டேவிஸ் வேண்டேஜ் புரோ 2 போன்றவற்றில் பொருத்தப்படும் சூரியக் கதிர்வீச்சு உணரி நேர்வெயிலையும் வானிலிருந்து சிதறிவரும் ஒளியையும் சேர்த்தே அளப்பதால், அந்த நேரத்துச் சூரிய உயரத்துக்குத் தெளிந்த வானில் எவ்வளவு வரவேண்டும் என்று மென்பொருள் கணித்து, அதில் குறித்த விகிதம் கிடைத்தால் வெயில் என்று எழுதிக்கொள்கிறது. காலை, மாலை தாழ்ந்த வெயிலில் இந்த ஊகம் பெரிதும் தடுமாறும். உணரி மட்டமாக நிற்கவேண்டும். பக்கத்து மாடி, தண்ணீர்த் தொட்டி, தென்னை இவற்றின் நிழல் அதன்மேல் விழக்கூடாது.