பெல் நகர ஊழல்

பெல் நகர ஊழல் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்கு அருகிலுள்ள பெல் என்னும் சிறு நகரில் 2010 ஆம் ஆண்டு வெளியான உள்ளாட்சி ஊழல் ஆகும். நகர மேலாளரும் நகரசபை உறுப்பினர்களும் பொதுப் பணத்தை மிகை ஊதியமாகவும் அனுமதியற்ற கடன்களாகவும் தமக்குள் பகிர்ந்துகொண்டமை இதில் தெரியவந்தது.

பின்னணி

அக்காலத்தில் பெல் நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 36,000 ஆக இருந்தது. பெரும்பாலானோர் குறைந்த வருமானமுடைய இலத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். 2005 இல் பல நகரங்களின் சபை உறுப்பினர் ஊதியத்துக்கு மாநில அரசு உச்சவரம்பு விதித்தது. தனிச் சாசனம் உடைய நகரங்களுக்கு இவ்வரம்பு பொருந்தாது. அதே ஆண்டு பெல் நகரில் சாசனத்துக்கான சிறப்பு வாக்கெடுப்பு நடந்தது. அதில் வாக்களித்தோர் 400 பேருக்கும் குறைவு. வாக்குச்சீட்டில் ஊதியம் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை.

முறைகேடுகள்

நகர மேலாளர் ராபர்ட் ரிசோவின் ஆண்டு ஊதியம் 7,87,637 டாலராக உயர்ந்தது. பகுதிநேரப் பணியாற்றிய சபை உறுப்பினர்களுள் நால்வர் ஆண்டுக்குச் சுமார் 1,00,000 டாலர் பெற்றனர். ஐந்தாமவர் பெற்றது ஏறத்தாழ 8,000 டாலர் மட்டுமே. உபரிச் சொத்து, வீட்டு வசதி, நிதி, திடக்கழிவு ஆகியவற்றுக்கான ஆணையங்களில் உறுப்பினராக இருப்பதற்கென இப்பணம் வழங்கப்பட்டது. இவ்வாணையங்களின் கூட்டங்கள் அரிதாகவே நடந்தன. நடந்தவையும் சில நிமிடங்களில் முடிந்தன.

ரிசோ தமக்கும் பிற அலுவலர்களுக்கும் சுமார் 19 லட்சம் டாலரை அனுமதியின்றிக் கடனாக வழங்கினார் என அரசுத் தரப்பு குற்றஞ்சாட்டியது. சொத்துவரியும் சட்ட வரம்பை மீறி வசூலிக்கப்பட்டதை மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளரின் தணிக்கை கண்டறிந்தது.

வெளிப்பாடும் தண்டனையும்

2010 சூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் ஊதிய விவரங்களை வெளியிட்டது. அருகிலுள்ள மேவுட் நகரைப் பற்றி விசாரித்தபோதே செய்தியாளர்களின் கவனம் பெல் மீது திரும்பியது. இதற்காக அந்நாளிதழ் 2011 இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசு பெற்றது. 2010 செப்டம்பரில் எட்டுப் பேர் கைது செய்யப்பட்டனர். 2011 மார்ச்சில் மக்கள் வாக்களித்துச் சபை உறுப்பினர்களைத் திரும்ப அழைத்தனர்.

வழக்கில் ஆறு முன்னாள் உறுப்பினர்களுள் ஐவர் 2013 இல் சில குற்றச்சாட்டுகளில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். ஒருவர் விடுவிக்கப்பட்டார். 69 குற்றச்சாட்டுகளை எதிர்க்காத ரிசோவுக்கு 2014 இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனையும், துணை மேலாளர் ஏஞ்சலா ஸ்பாச்சியாவுக்கு 11 ஆண்டு 8 மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டன.

பொறுப்புக்கூறல்

மேலாளரைக் கண்காணிக்கவேண்டிய சபையே அவரது ஏற்பாட்டால் பயனடைந்தது. எனவே உள்ளிருந்து தடை எழவில்லை. ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்த தனியார் நிறுவனமும் இவற்றைச் சுட்டிக்காட்டவில்லை. ஊழல் வெளியானபின் கலிபோர்னியாவின் நகரங்களும் மாவட்டங்களும் தம் அலுவலர் ஊதியத்தை மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளருக்கு அறிவிக்க வேண்டும் என ஆணையிடப்பட்டது. அவ்விவரங்கள் 2010 முதல் பொதுமக்கள் காணும் வகையில் இணையத்தில் வெளியிடப்பட்டு வருகின்றன.