இரண்டு மணி நேர விவாதம்

1787 ஆகஸ்டு 17-ஆம் தேதி, பிலடெல்பியா நகரில் அமெரிக்க அரசியல் சாஸனத்தை வகுக்கக் கூடியிருந்தோர், யுத்தம் 'நடத்தும்' அதிகாரம் காங்கிரஸுக்கு உரியது என்றிருந்த வாசகத்தை, மாடிஸன், ஜெர்ரி ஆகிய இருவரின் பிரேரணைப்படி, யுத்தப் 'பிரகடனம்' செய்யும் அதிகாரம் என்று திருத்தினார்கள். எதிரி திடீரென்று பாய்ந்தால், சபை கூடும்வரை காத்திராமல் ஜனாதிபதி தடுத்து நிற்கட்டும் என்பதே அவர்கள் கருத்து. தற்காப்புக்கென்று விட்டுவைத்த அந்தச் சிறு வாயில் வழியே பின்னாளில் ஜனாதிபதியான ஜேம்ஸ் போல்க் தேசத்தையே யுத்தத்துக்குள் நடத்திச் சென்றார்.

1846 ஜனவரியில், நியூசெஸ் நதிக்கும் ரியோ கிராண்டு நதிக்கும் இடையே, மெக்ஸிகோ தன்னுடையதென்று உரிமை கொண்டாடிய பிரதேசத்துக்குள் முன்னேறும்படி தளபதி டெய்லரின் சேனைக்கு உத்தரவு சென்றது. மே 9-ஆம் தேதி, மெக்ஸிகோ தீர்க்காத கடன்களையும் ஏற்க மறுத்த அமெரிக்கத் தூதரையும் காரணமாக்கி யுத்தம் கோருவதென்று மந்திரிசபையில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது; எல்லையில் அமெரிக்க ரத்தம் சிந்திய செய்தி தலைநகருக்கு எட்டியதோ அன்று மாலையில்தான். இந்தக் கிரமத்தை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

அடுத்து வந்த திங்கட்கிழமை பிரதிநிதி சபை விவாதத்துக்கு ஒதுக்கியது இரண்டே மணி நேரம். அதிலும் பெரும்பகுதி ஜனாதிபதி அனுப்பிய கடிதங்களைப் படிப்பதிலேயே கழிந்தது. 50,000 தொண்டர் படையினருக்கும் ஒரு கோடி டாலருக்கும் வகை செய்த மசோதாவின் முகப்பில், மெக்ஸிகோவின் செய்கையாலேயே யுத்தம் மூண்டிருக்கிறது என்றொரு வாக்கியத்தைக் கோத்துவிட்டார்கள். அதை மறுப்பவர், களத்தில் நிற்கும் சிப்பாய்க்குச் சோறும் மருந்தும் மறுத்தவர் என்ற பழியைச் சுமக்க வேண்டும். 174 பேர் ஆதரித்தனர். 14 பேரே எதிர்த்தனர். போல்க்கின் தந்திரத்தைவிட, அதற்கு இணங்கி இரண்டு மணி நேரத்தில் எழுந்துபோன சபையின் அவசரமே என்னை அதிகம் வருத்துகிறது.

பின்னர், ரத்தம் சிந்திய இடம் எது என்று காட்டும்படி புதிய அங்கத்தினர் ஆபிரகாம் லிங்கன் கேட்டார். இந்த யுத்தம் ஜனாதிபதியால் அநாவசியமாகவும் சாஸனத்துக்கு விரோதமாகவும் தொடங்கப்பட்டது என்று 1848 ஜனவரி 3-ஆம் தேதி, 85-க்கு 81 என்ற கணக்கில், அதே பிரதிநிதி சபை வாக்களித்தது. அதற்குள் மெக்ஸிகோ நகரம் பிடிபட்டு மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது.

அந்தப் பதினால்வருள் ஒருவர், முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்ஸி ஆடம்ஸ். 1848 பிப்ரவரி 21-ஆம் தேதி, யுத்தத்தில் வென்ற தளபதிகளைக் கௌரவிக்கும் தீர்மானம் வந்தபோது, 80 வயதுக் கிழவர் 'இல்லை' என்று உரக்கக் கூறினார். சற்றைக்கெல்லாம் தம் ஆசனத்தருகே சாய்ந்தார். இரண்டு நாள் கழித்து, அதே மாளிகையில், சபாநாயகரின் அறையில் உயிர் நீத்தார்.